41 சதவீதம், ஆனால் எதில்? நாடாளுமன்றப் பதில்கள் குறித்து வாசகர் கேள்விகள்

பட்ஜெட் கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே மனக்குறையைத்தான் சொல்கின்றன: எதிர்க்கட்சி ஒன்றைக் கேட்கிறது, நிதியமைச்சர் வேறொன்றைச் சொல்கிறார். சில நேரம் அது சரியான குறைதான். பல நேரம் கேட்ட கேள்வியை யாருமே முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். இந்த முறை ஏழு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

எங்கள் எம்.பி. ஜிஎஸ்டி பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டதாக நோட்டீஸ் அடித்திருக்கிறார். டிவியில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லையே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

கேட்டிருப்பார். பேசியிருக்க மாட்டார். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி கிடைக்கும். அவற்றுக்கு மட்டும்தான் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றபடி 230 கேள்விகள் வரை நட்சத்திரம் இல்லாதவை. அவற்றுக்குப் பதில் காகிதத்தில் வரும், அவ்வளவுதான். எது எந்தப் பட்டியலில் சேரும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது.

நட்சத்திரம் கிடைத்த 20 கேள்விகளும், அதற்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரக் 'கேள்வி நேர'த்துக்குள் முடிவது அபூர்வம். 2019 நவம்பர் 27 அன்று இருபதும் முடிந்தன. 1972க்குப் பிறகு இதுவே முதல் தடவை என்று அதுவே ஒரு செய்தியானது. ஆக, உங்கள் எம்.பி. பொய் சொல்லவில்லை. அவர் கேட்டதையும் வந்த பதிலையும் நாடாளுமன்ற இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் படிக்கலாம்.

"மாநிலங்களுக்கு 41 சதவீதம் கொடுக்கிறோம்" என்று ஒன்றிய அரசு சொல்கிறது. "எங்களுக்கு அவ்வளவு வரவில்லை" என்று மாநிலங்கள் சொல்கின்றன. யாராவது ஒருவர் பொய் சொல்லித்தானே ஆக வேண்டும்?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

வேண்டாம். ரெண்டு பேருமே உண்மையைச் சொல்லிக்கொண்டு காலமெல்லாம் சண்டை போடலாம். உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் பெட்ரோலையே எடுத்துக்கொள்வோம்.

2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசு வசூலித்த வரி 32 ரூபாய் 90 காசு. அதைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைக் கலால் வரி 1.40. சிறப்புக் கூடுதல் கலால் வரி 11. சாலை உள்கட்டமைப்பு செஸ் 18. வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50. செஸ் என்பது ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் வரி, சர்சார்ஜ் என்பது வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி. அரசமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவின்படி இந்த இரண்டும் மாநிலங்களோடு பகிர வேண்டியவை அல்ல. அந்த 11 ரூபாய் சிறப்புக் கூடுதல் கலால் வரியும் சர்சார்ஜ் வகைதான். இந்த நான்கில் பகிர்வுக்கு வந்தது அந்த 1.40 மட்டும்தான்.

ஒன்றிய வரியில் மாநிலங்களின் பங்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 15ஆவது நிதிக்குழு சொன்ன 41 சதவீதத்தை இந்த 1.40இல் கணக்குப் போட்டால் 57 காசு வருகிறது. அதையும் எல்லா மாநிலங்களும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். மீதி 32 ரூபாய் 33 காசு டெல்லியிலேயே தங்கிவிடும்.

அவையில் "எத்தனை சதவீதம் பகிர்கிறீர்கள்?" என்று கேட்டால் "41" என்று பதில் வரும். பதில் சரிதான், கேள்விதான் போதாது. "மொத்த வரி வசூலில் செஸ், சர்சார்ஜ் எவ்வளவு? ஆண்டுவாரியாகச் சொல்லவும்" என்று கேட்டால்தான் அட்டவணை வெளியே வரும். அப்படிக் கேட்கிற உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் சிலர் உண்டு. அவர்களை டிவி காட்டாது.

அரசுத் தரப்புக்கும் ஒரு வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சாலை செஸ்ஸில் போடுகிற சாலை மாநிலங்களில்தான் ஓடுகிறது, வேளாண் செஸ் பணமும் மாநிலங்களுக்குள்தான் செலவாகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்தச் சாலை, எந்த மாநிலம், எப்போது என்பதை டெல்லி முடிவு செய்கிறது. பகிர்வாக வரும் பணம் என்றால் மாநிலம் தன் விருப்பப்படி செலவு செய்யும். சண்டையே இதில்தான். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் பெட்ரோல் வரியை முறையே 5 ரூபாயும் 8 ரூபாயும் குறைத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வங்கிகள் பெரிய முதலாளிகளுக்குப் பத்து லட்சம் கோடி தள்ளுபடி செய்தன என்கிறது எதிர்க்கட்சி. தள்ளுபடியே இல்லை என்கிறார் அமைச்சர். தலை சுற்றுகிறது.
– வங்கித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி

இதைப் புரிந்துகொள்ள மளிகைக் கடையின் கடன் நோட்டு போதும். நாலு வருஷமாக ஒருவர் பாக்கி தரவில்லை. கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை, வேறொரு பழைய நோட்டில் சேர்த்து வைக்கிறார். கடைக்கு வர வேண்டிய பணம் என்று கணக்குப் போடும்போது இனி அதைச் சேர்க்க மாட்டார். ஆனால் அந்த ஆளைத் தெருவில் பார்த்தால் கேட்காமல் விட மாட்டார். வங்கியில் இதற்குப் பெயர் 'ரைட் ஆஃப்'. நோட்டையே கிழித்து "போய் வா" என்பது 'வெய்வர்'. விவசாயக் கடன் தள்ளுபடி என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது வகை. தமிழில் ரெண்டுக்கும் 'தள்ளுபடி' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே ஆரம்பிக்கிறது.

2022 டிசம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மாநிலங்களவையில் தந்த பதில்படி, ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் ரைட் ஆஃப் செய்த தொகை 10,09,511 கோடி ரூபாய். அமைச்சரே சொன்ன எண் இது, எதிர்க்கட்சி கற்பனை செய்ததல்ல. அதே பதிலில் இன்னொரு எண்ணும் இருந்தது. ரைட் ஆஃப் செய்த கணக்குகளிலிருந்து அதே ஐந்தாண்டுகளில் திரும்ப வந்தது 1,32,036 கோடி.

எதிர்க்கட்சி முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. "வசூல் தொடர்கிறது" என்ற வாக்கியத்தை அரசு எடுத்துக்கொண்டது. ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நூற்றுக்குப் பதின்மூன்று போலத் தெரியும். இந்தக் கணக்கும் தோராயம்தான், ஏனென்றால் வசூலான பணத்தில் அதற்கு முந்தைய வருஷங்களில் ரைட் ஆஃப் ஆன கடன்களும் கலந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் பழைய நோட்டுக்குப் போன பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. தேர்வில் கேட்டால் சட்ட வித்தியாசத்தை எழுதுங்கள். வீட்டில் அப்பா கேட்டால் இந்த ரெண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

"எங்கள் வீட்டில் வெங்காயம் அதிகம் சாப்பிட மாட்டோம்" என்று நிதியமைச்சர் பதில் சொன்னாரே, அதுவா பொருளாதாரக் கொள்கை?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

2019 டிசம்பரில் மக்களவையில் நடந்தது அது. வெங்காய விவசாயிகள் பற்றி எதிர்க்கட்சி எம்.பி. சுப்ரியா சுலே கேட்டிருந்தார். பதிலின் நடுவே வேறொரு உறுப்பினர் உட்கார்ந்த இடத்திலிருந்து குறுக்கே ஒரு கேலிக் கேள்வி போட, அதற்கு நிர்மலா சீதாராமன் சொன்ன வார்த்தை இது. இறக்குமதி, ஏற்றுமதித் தடை, இருப்பு வரம்பு என்று அவர் சொன்ன மற்றதெல்லாம் காணாமல் போய் இந்த ஒரு வரி மட்டும் நின்றுவிட்டது. அவையில் குறுக்கீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்த அமைச்சருக்கும் இல்லை. சொன்னது அவர் தப்பு. அதை மட்டும் வெட்டிப் போட்டது நம் தப்பு.

எதிர்க்கட்சி கேட்ட கேள்வியால் ஒரு நிதியமைச்சராவது பதவி இழந்திருக்கிறாரா?
– கல்லூரி மாணவர், திருச்சி

இழந்திருக்கிறார், அதுவும் நம் ஊர்க்காரர். ஆனால் கேட்டது எதிர்க்கட்சி இல்லை! முந்த்ரா விவகாரத்தைத்தான் சொல்கிறேன்.

எல்ஐசி 1956 செப்டம்பரில் பிறந்தது. ஒரு வயதுகூட ஆகாத அந்த நிறுவனம் 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. அதன் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலேயே. பாலிசிதாரர்களின் பணம் அது. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை.

செப்டம்பரில் ராம் சுபக் சிங் மக்களவையில் இதைக் கேள்வியாகக் கேட்டார். வந்த பதில் யாருக்கும் திருப்தி தரவில்லை. கூட்டத்தொடர் மாறியும் விவகாரம் ஓயவில்லை. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்து ஒவ்வொரு பரிவர்த்தனையாக எடுத்து வைத்தார். ரெண்டு பேருமே ஆளும் காங்கிரஸ். அதிலும் பெரோஸ் காந்தி பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளாவைக் கொண்டு விசாரணை நடந்தது, அதுவும் பம்பாயில் மக்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார்.

இதற்குப் பின்கதை இன்னும் சுவாரசியம். டி.டி.கே. சில வருஷத்தில் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963இல் மறுபடி நிதியமைச்சரே ஆனார். அந்த விவகாரத்தில் சிக்கிய அன்றைய நிதிச் செயலர் எச்.எம். படேல், 1977இல் ஜனதா ஆட்சியில் தாமே நிதியமைச்சரானார். கேள்வி கேட்ட ராம் சுபக் சிங்கோ, காங்கிரஸ் உடைந்தபின் 1969இல் மக்களவையின் முதல் அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர்.

என் அனுபவத்தில் நிதியமைச்சர்கள் எதிர் வரிசைக்குப் பயப்படுவதைவிடத் தங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சொந்தக் கட்சி வரிசைக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். 1991 ஜூலை பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார். சொந்தக் கட்சி எம்.பி.க்களே கொதித்ததும் ஏற்றம் 30 ஆனது, சிறு விவசாயிகளுக்கு விலக்கும் கிடைத்தது.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தால் அவ்வளவுதானா?
– பெயர் வேண்டாம் என்றவர்

இல்லை, அது ஒரு கடன் பத்திரம் மாதிரி. அமைச்சர் அப்படிச் சொன்னால் அது 'உத்தரவாதம்' என்று பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்க ரெண்டு அவையிலும் தனிக் குழு உண்டு. மக்களவைக் குழு 1953இலிருந்தே இருக்கிறது. மூன்று மாதம் என்பது பல முறை நீட்டிப்பு வாங்கி வருஷக் கணக்கில் ஓடுவதும் உண்டு.

இதைவிட மோசமான பதில் ஒன்று இருக்கிறது: "அப்படிப்பட்ட புள்ளிவிவரம் பராமரிக்கப்படுவதில்லை." 2020 செப்டம்பரில், ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது தொழிலாளர் அமைச்சகம் சொன்னது இது. திரும்பியவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்ற கணக்கு மட்டும் இருந்தது. இந்தப் பதிலில் உத்தரவாதம் எதுவும் இல்லாததால் எந்தக் குழுவும் துரத்தாது.

என் ஊர் விசைத்தறிகள் பாதி மூடிக் கிடக்கின்றன. "இதற்கு அரசு பொறுப்பேற்குமா?" என்று எம்.பி. மூலம் கேட்க வைக்க முடியுமா?
– விசைத்தறி நடத்துபவர், ஈரோடு மாவட்டம்

இப்படிக் கேட்டால் கேள்வி மக்களவைச் செயலகத்திலேயே நின்றுவிடும். அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கும் கேள்வியை மக்களவை நடைமுறை விதிகளில் 41ஆவது விதி அனுமதிக்காது. 150 சொல்லுக்கு மேலும் போகக் கூடாது. இப்படி மாற்றிப் பாருங்கள்: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இயங்கும் விசைத்தறிகள் எத்தனை, மாவட்டவாரியாக, (ஆ) நூல் விலை அதே காலத்தில் மாதவாரியாக எவ்வளவு, (இ) விசைத்தறிக்கான திட்டங்களில் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு.

(இ)யில் அந்தக் கடைசி ரெண்டு சொல்லை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஒதுக்கிய தொகையை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். கேள்விக்கான நோட்டீஸ் அவைக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாகப் போக வேண்டும், எம்.பி.யின் உதவியாளர்கள் கடைசி நேரத்தில்தான் தேடுவார்கள். கூட்டத்தொடர் தேதி அறிவித்த அன்றே ஒரு பக்கத்தில் டைப் அடித்து நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பதில் வந்ததும் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள், அட்டவணையைச் சேர்ந்து பார்ப்போம்.