மூன்று நட்டும் ஒரு நூலும்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் ப்ளஸ் ஒன் இயற்பியல் எடுக்கிறேன். ‘நீங்கள் நடத்தாதீர்கள், பிள்ளைகளே கேள்வி கேட்டு, சோதனை செய்து கண்டுபிடிக்கட்டும்’ என்று பயிற்சி முகாமில் சொல்லி அனுப்புகிறார்கள். வகுப்பில் ஐம்பது பேர். போர்ஷன் முடிக்கவே சனிக்கிழமையும் வரவேண்டியிருக்கிறது. பரீட்சையில் கேட்பதோ வரையறையும் கணக்கும். இது நடக்கிற காரியமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எல்லாப் பாடத்துக்கும் நடக்காது. நியூட்டனின் மூன்றாம் விதியை நாற்பது நிமிஷத்தில் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது பேராசை. அதை நீங்கள்தான் நடத்தவேண்டும். ஆனால் லேபில் எப்படியும் செய்கிற சோதனைகளில் ஒன்றிரண்டை அவர்கள் கையில் விட்டுப் பார்க்கலாம்.

தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சூத்திரம் முதலில், அட்டவணை அடுத்து. புவியீர்ப்பு முடுக்கமான g-யின் மதிப்பு 9.8-க்குப் பக்கத்தில் வராவிட்டால் ரீடிங்கைத் ‘திருத்தி’ ரெக்கார்டில் ஏற்றிவிடுவார்கள். (நாமும் படிக்கிற காலத்தில் அதைத்தானே செய்தோம்!) சூத்திரத்துக்கு முன்பே நான்கு நான்கு பேராக உட்காரவைத்து, நூலும் இரும்பு நட்டும் கொடுத்து, ‘இதை வேகமாக ஆடவைக்க என்ன செய்யலாம்?’ என்று மட்டும் கேளுங்கள். கனத்தைக் கூட்டலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஒரு நட்டு இருந்த இடத்தில் மூன்றை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டுவார்கள். 25 செ.மீ. ஊசல் 20 முறை ஆடி முடிக்க ஏறக்குறைய 20 விநாடி. மூன்று நட்டு கட்டியதும் அது முக்கால் விநாடிபோலக் கூடிவிடும். “டீச்சர், கனம் கூடினா மெதுவா ஆடுது!”

உடனே திருத்த நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். ‘கனத்தைத் தவிர வேறு ஏதாவது மாறிச்சா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுங்கள். ஈர்ப்பு மையம் இரண்டு செ.மீ. அளவுக்கு இறங்கி, ஊசலின் நீளமே கூடிவிட்டதை எவளாவது ஒருத்தி பிடித்துவிடுவாள். பிடிக்காவிட்டால், மூன்றையும் ஒரே மட்டத்தில் பக்கம் பக்கமாகக் கட்டி மறுபடி எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினால், அதில் நிறை ஏன் இல்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பரீட்சை பற்றி நீங்கள் சொல்வது நியாயம்தான். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இப்படிச் சோதனை வழியே அறிவியல் கற்பிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் பரீட்சையையும் சேர்த்தே மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. பின்னால் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசே நிறுத்திவிட்டது. ஆக, முகாமில் பேசுகிறவர்கள் வினாத்தாளைத் தொடாமல் உங்களை மட்டும் மாறச் சொல்வது எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. வினாத்தாள் மாறும்வரை வருஷத்துக்கு இரண்டு சோதனை போதும். ரெக்கார்டில் அந்த மூன்று நட்டு ரீடிங்கை அடிக்காமல் விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மார்க் போடுங்கள்.