இறுக்கினால் திறக்காது, தளர்த்தினால் ஆடும்: மடக்குக் கத்தியை என்ன செய்வது?

கேள்வி: அட்டைப் பெட்டிகளை வெட்டி வெட்டி என் மடக்குக் கத்தி திறக்கக் கடினமாகிவிட்டது. எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு முன்பைவிட மோசம். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். இப்போது அச்சுத் திருகாணியை இறுக்கினால் அலகு நகர மறுக்கிறது, தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடுகிறது. மூடும்போது ஒரு பக்கத் தகட்டில் உரசவும் செய்கிறது. எங்கே தவறு?

பதில்: ஒழுங்காக மாட்டிய கத்தியில் இறுக்கத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஓர் இடம் கட்டாயம் உண்டு. அங்கே அலகு வழுக்கிக்கொண்டும் வரும், ஆடாமலும் நிற்கும். அந்த இடம் உங்களுக்கு அகப்படவே இல்லை என்றால் குற்றம் திருகாணியில் இல்லை. அதற்கு அடியில், வாஷரோ (அலகுக்கும் கைப்பிடித் தகட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளையம்) அச்சோ சமமாக உட்காரவில்லை. இனி திருகாணியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, மறுபடி பிரிக்கத்தான் வேண்டும்.

எண்ணெய் ஏமாற்றியதற்கும் காரணம் இருக்கிறது. அட்டைத் தூசு எண்ணெயோடு சேர்ந்தால் களிம்பாகிவிடும். அழுக்கின் மேல் விட்ட எண்ணெய் இரண்டு நாள் வழுக்கலைத் தந்துவிட்டு, அடுத்த தூசையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்.

பிரிப்பதற்கு முன் ஒருமுறை மெதுவாகத் திறந்து பாருங்கள். முதல் தள்ளலில் மட்டும் ஒரு தடை, பிறகு சுலபம் என்றால் அது குறையே அல்ல. திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டுத் தகட்டில் பதித்த சிறிய உருண்டை, அலகிலுள்ள குழியில் விழுந்து, கத்தி பையில் தானாகத் திறந்துவிடாமல் காக்கிறது. அதைக் குறைக்க முயலாதீர்கள். பாதி வழியில் நறநறப்பு இருந்தால் அழுக்கு. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே கனமாக இருந்தால் இறுக்கம் அல்லது கோணல் வாஷர்.

பெரும்பாலான கத்திகளில் டார்க்ஸ் எனப்படும் ஆறு இதழ்த் திருகாணிகள்தான் இருக்கும். உடலுக்கு டி6 அளவு முனை, அச்சுக்கு டி8 என்பது பரவலான வழக்கம். சில அச்சுகளுக்கு டி10 தேவைப்படும். முனை துளைக்குள் ஆடாமல் அமர வேண்டும். ஏறக்குறையப் பொருந்துகிறது என்று நெம்பினால் இதழ்கள் தேய்ந்து வட்டமாகிவிடும், பிறகு அந்தத் திருகாணியை வெளியே எடுப்பது தனி அவஸ்தை. அசையாத திருகாணிக்குள் மரைப் பசை, அதாவது திருகாணி தானாகக் கழலாமல் இருக்கத் தடவும் பசை, காய்ந்திருக்கலாம். சாலிடரிங் கோலின் நுனியை அதன் தலையில் அரை நிமிடம் வைத்தால் பசை இளகும். பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அலகின் கூர்மை மேல் இரண்டு சுற்று ஒட்டுநாடா சுற்றுங்கள். வெளிர்நிறத் துணியை விரித்து, கழற்றும் வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக அடுக்குங்கள். வாஷர்கள் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் எது எந்தப் பக்கத்தில், எந்த முகம் அலகைப் பார்த்து இருந்தது என்பது முக்கியம். நான் ஒருமுறை இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கழுவினேன். மாட்டியபின் அலகு நடுவிலிருந்து விலகி நின்றது. ஒன்று மற்றதைவிட மயிரிழை தடிமனாக இருந்திருக்கிறது. உங்கள் அலகு ஒரு பக்கம் உரசுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் எல்லாவற்றையும் துடையுங்கள். அச்சையும் அதன் மரையையும் ஊசிமுனையால் சுரண்டினால் நீலப் பொடியாக உதிர்வது பழைய மரைப் பசை. அதில் ஒரு துணுக்கு வாஷருக்கடியில் போனாலே நீங்கள் சொன்ன நிலைமைதான். பிறகு ஒவ்வொரு வாஷரையும் கண்ணாடி மேல் வைத்து விரலால் ஓரத்தைத் தட்டுங்கள். தாளம் போட்டால் வளைந்திருக்கிறது. வெண்கல வாஷராக இருந்தால், கண்ணாடியில் விரித்த 2000 எண் உப்புத்தாளில், ஈரத்தோடு, 8 எழுதுவதுபோலச் சில முறை தேய்க்கலாம். தேய்ந்தது போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். நைலான் வாஷரைத் தேய்க்க வேண்டாம். வாஷருக்குப் பதில் பேரிங் என்றால் அதைக் கூட்டோடு அப்படியே எடுத்துக் கழுவுங்கள். உருண்டைகள் தனியே உதிர்ந்தால் தரையில் தவழ்ந்துதான் தேட வேண்டும்.

மாட்டும்போது அச்சின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடித் தகட்டின் துளையும் அதே வடிவில் இருக்கும். இரண்டும் பொருந்தாமல் திருகாணியின் பலத்தால் இழுத்து உட்காரவைத்தால் அச்சு சாய்ந்து நிற்கும். அலகைத் திறந்த நிலையில் தடுத்து நிறுத்தும் குறுக்குக் கம்பியும் இரு தகடுகளின் துளைகளிலும் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். வாஷரின் இரு முகத்துக்கும் ஒவ்வொரு துளி எண்ணெய் போதும். அலகின் வேர்ப்பகுதியில், பூட்டு உருண்டை ஓடிய தடம் பிறைபோல மெல்லிய கோடாக மின்னும். அதன் மேல் ஊசிமுனையளவு எண்ணெய் வைத்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இனி வரிசை. உடல் திருகாணிகளைத் தொளதொளவென்று மட்டும் மாட்டுங்கள். அச்சை அலகு நகராத வரை இறுக்கி, பிறகு கொஞ்சம் விடுங்கள். அலகை மூடி, நடுவில் நிற்கும்படி தகடுகளை விரலால் சரிசெய்து பிடித்துக்கொண்டு, உடல் திருகாணிகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். கடைசியில் மீண்டும் அச்சுக்கு வாருங்கள். கடிகாரத்தில் நிமிட முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மேல் ஒரு தடவையில் திருப்பாதீர்கள். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் திறந்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மேலும் கீழுமாக ஆடினால் அது வேறு நோய். தடுப்புக் கம்பி சரியாக அமரவில்லை அல்லது பூட்டுத் தகடு அலகைத் தொடும் முகம் தேய்ந்திருக்கிறது. அச்சை இறுக்கி அதைத் தீர்க்க முடியாது. பூட்டு முழுதாக விழாத கத்தியால் எதையும் வெட்ட வேண்டாம்.

திருகாணிக்குப் பதில் குடையாணி (ரிவெட்) அடித்த பழைய பாணிக் கத்திகளுக்கு இது எதுவும் பொருந்தாது, பிரிக்கவே கூடாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் திறந்து மூடி அலசி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் விடுவதோடு சரி. மரக் கைப்பிடி என்றால் ஊறவைக்காதீர்கள். மரம் நீர் குடித்து உப்பி அலகை நெரித்துவிடும்.

எல்லாம் சரியாக வந்த பிறகு அச்சுத் திருகாணியை மட்டும் எடுத்து, மரையின் நுனியில் குண்டூசித் தலையளவு நீல மரைப் பசை வைத்து அதே இடத்துக்குத் திருப்புங்கள். சிவப்புப் பசை வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போது கண்ணீர் வரும். நீலமும் அதிகமானால் வாஷருக்குள் வழிந்து, மறுநாள் காலை கத்தி மீண்டும் இறுகிக் கிடக்கும். பசை முழுதாக இறுக 24 மணி நேரம் ஆகும். அதுவரை ஆசைக்குத் திறந்து மூடிக்கொண்டிருக்காமல் தனியே வைத்துவிடுங்கள்.