காடை வேகும் முன் பாகு கருகுவது ஏன்?

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். போன மாதம் மகளும் மருமகனும் வந்திருந்தபோது ஆறு காடையை ஓவனில் சுட்டேன் (28 லிட்டர் ஓடிஜி). கமலா ஆரஞ்சுச் சாற்றில் வெல்லமும் இஞ்சியும் போட்டு, ஜாமுக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டரில் 105 டிகிரி வரும்வரை பாகு காய்ச்சினேன். அதைக் காடை மேல் முழுக்கத் தடவி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, 230 டிகிரியில் வைத்தேன். பத்தே நிமிடத்தில் மேலெல்லாம் கருப்பு. பயந்துபோய் 160-க்குக் குறைத்தேன். அரை மணி கழித்துப் பிய்த்துப் பார்த்தால் தொடை எலும்போரம் இன்னும் சிவப்பு. மறுபடி கால் மணி வைத்தேன். கடைசியில் நெஞ்சுக்கறி நார் நாராகிவிட்டது. அடுத்த மாதம் மறுபடி வருகிறார்கள். காடையே வைக்கலாமா, சின்னக் கோழிக்கு மாறலாமா? சோறு குழம்பு இல்லாமல் கூட என்ன வைக்கலாம்?
— வாசகி, ஏற்காடு

பதில்: காடையே வையுங்கள். உங்கள் கை ருசியில் குறையில்லை. மூன்று இடங்களில் கணக்கு பிசகியிருக்கிறது, அதில் ஒன்று நீங்கள் இருக்கும் உயரத்தால் வந்தது.

முதலில் அந்தச் சிவப்பு. காடையும் பிராய்லரும் ஐந்தாறு வாரத்தில் அறுக்கப்படும் இளம் பறவைகள். எலும்பு இன்னும் முற்றியிருக்காது. சூட்டில் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜை நிறம் வெளியே கசிந்து, ஒட்டியிருக்கும் கறியைச் சிவப்பாக்கும். கறி நன்றாக வெந்த பிறகும் அது போகாது. ஆகவே சிவப்பைப் பார்த்து வேகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் காடை அநேகமாக அந்த அரை மணிக்கு வெகு முன்பே வெந்து முடிந்துவிட்டது. பின்னால் நடந்ததெல்லாம் காய்ந்ததுதான். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் முனையை நெஞ்சின் தடித்த பக்கத்தில், எலும்பில் படாமல் செருகுங்கள். 74 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். கையில் அந்த வகை இல்லையென்றால் காலைப் பிடித்துத் திருகுங்கள். மூட்டு இளகிக் கொடுக்க வேண்டும், நெஞ்சை அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போகாமல் விரலைத் திருப்பித் தள்ள வேண்டும். ஆனாலும் தெர்மாமீட்டர் சொல்வதுதான் நிச்சயம்.

அடுத்தது பாகு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும்; கீழே சேலத்தில் 99. சமையல் புத்தகங்கள் சொல்லும் 105 டிகிரி கடல் மட்டத்துக்கு எழுதியது: தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட ஐந்து டிகிரி கூட என்று அர்த்தம். உங்கள் ஊரில் அதே பதம் 100-லேயே வந்துவிடும். நீங்கள் 105 வரை காய்ச்சியபோது ஜாம் பதத்தையும் தாண்டி மிட்டாய்ப் பதத்தின் பக்கம் போய்விட்டீர்கள். (உங்கள் வீட்டு ஜாம் ரொட்டியில் தடவ வராமல் இறுகுகிறதென்றால் காரணம் இதேதான். 100-ல் இறக்கிப் பாருங்கள்.) பறவை மேல் பூசும் பாகுக்கு ஜாம் பதமே அதிகம்.

மூன்றாவது, தடவிய நேரம். பாகில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100-ஐ ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றிய மறுநிமிடம் சர்க்கரை ஓவன் சூட்டைப் பிடிக்க ஓடும். சாதாரண சீனி நிறம் மாற 160-க்கு மேல் வேண்டும், ஆனால் பழத்திலும் தேனிலும் உள்ள பழச்சர்க்கரை 110 சுமாரிலேயே மாறத் தொடங்கிவிடும். 230 டிகிரி ஓவனில், ஏற்கெனவே வற்றிப்போன பாகோடு உள்ளே போன காடைக்கு வேறு கதி கிடையாது. பழப்பாகு மசாலா இல்லை. ஊறவைக்கும் வேலை அதற்குக் கிடையாது. பறவை முக்கால் வாசி வெந்த பிறகு, கடைசி ஐந்தாறு நிமிடத்தில்தான் அது மேலே ஏற வேண்டும்.

இன்னொன்று: ஊறப்போடப் பழச்சாறு வேண்டவே வேண்டாம். ஆரஞ்சின் புளிப்பு காடையின் மெல்லிய நெஞ்சை ராத்திரி முழுக்கத் தின்றால் மேல்பக்கம் வெளிறிச் சுண்ணாம்பு மாதிரி ஆகும். பச்சைப் பப்பாளியும் அன்னாசியும் அதைவிட மோசம். அவற்றில் கறியைக் கரைக்கும் என்சைம் உண்டு. காடை மாதிரிச் சின்னப் பறவையைக் கொஞ்ச நேரத்திலேயே கூழாக்கிவிடும். அன்னாசியைக் கொதிக்கவைத்துப் பாகாக்கினால் அந்தத் தொந்தரவு இல்லை.

இனி வாங்குவதிலிருந்து வருவோம். நம் ஊர்க் கடைகளில் காடையைத் தோலை உரித்துத்தான் தருவார்கள், அதுதான் சீக்கிரம். ஓவனுக்குத் தோல் வேண்டும். முதல் நாளே சொல்லிவைத்து, இறகு பிடுங்கி மஞ்சள் தடவி வாட்டிய தோல் காடையாகக் கேளுங்கள். சுத்தம் செய்தபின் ஒன்று 150 முதல் 180 கிராம் இருக்கும். ஆளுக்கு இரண்டு என்று கணக்கு வையுங்கள். நாமக்கல் பக்கத்துப் பண்ணைக் காடை சேலத்துக்கு வருகிறது, அது போதும். மலையில் யாராவது கவுதாரி, காட்டுக்கோழி, காட்டுக் காடை என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம்.

தோல் காடை கிடைக்கவே இல்லையென்றால் உரித்த காடையில் நெய் தாராளமாகத் தடவி, முதல் எட்டு நிமிடம் வாழை இலையில் சுற்றி வையுங்கள். மொறுமொறுப்பு வராது, ஈரம் காக்கும்.

ஆறு காடை ஏறக்குறைய ஒரு கிலோ. அதற்குத் தூள் உப்பு 10 கிராம், அதாவது மட்டமாக இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, ஒரு சிட்டிகை மஞ்சள். உள்ளும் புறமும் தேய்த்து, கம்பித்தட்டில் மூடாமல் ஃபிரிட்ஜில் நாலு மணி நேரமாவது வையுங்கள்; ராத்திரி முழுக்க என்றாலும் சரி. மூடாமல் என்பது முக்கியம். தோல் காய்ந்து காகிதம் போல் ஆனால்தான் சிவக்கும். ஈரத்தோல் அவியும், அவ்வளவுதான்.

முழுசாகவே வைத்தால் பார்க்க அழகு, ஆனால் தொடை வேகும் முன் நெஞ்சு காயும். சமையலறைக் கத்தரியால் முதுகெலும்பின் இரு பக்கமும் வெட்டி எடுத்து, புத்தகத்தைப் போல் விரித்து, நெஞ்சுப் பக்கம் உள்ளங்கையால் ஓர் அழுத்து. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காடை தட்டையாகிவிடும், சூடு சமமாகப் பாயும். வெட்டிய முதுகெலும்புகளை எறியாதீர்கள், சாறு காய்ச்ச உதவும். உள்ளே சோறு அடைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தச் சோறு 74 டிகிரியைத் தொடும்போது நெஞ்சு கட்டையாகியிருக்கும்.

பாகுக்குக் கமலாச் சாறு 300 மில்லி வேண்டும். மிக்சியில் அடிக்கக் கூடாது; விதை உடைந்தால் கசப்பு, காய்ச்சினால் அது இன்னும் தூக்கும். பாதியாக அறுத்துக் கையால் பிழிந்து வடிகட்டுங்கள். 25 கிராம் வெல்லம், தட்டிய இஞ்சி ஒரு டீஸ்பூன், கால் டீஸ்பூன் உப்பு சேர்த்து அகலமான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். தெர்மாமீட்டரை ஓரமாக வைத்துவிட்டுத் தராசை எடுங்கள். வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துக்கொண்டு, உள்ளே இருப்பது 110 கிராம் ஆனதும் நிறுத்துங்கள். தராசுக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான். கண்ணால் பார்ப்பதென்றால், கரண்டியின் முதுகில் தோய்த்து விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம். சூட்டில் நீர்த்த மாதிரிதான் தெரியும், ஆறினால் கெட்டியாகும். அந்த இடத்தில்தான் பலர் இன்னும் கொஞ்சம் என்று காய்ச்சிக் கெடுக்கிறார்கள்.

இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், கொரகொரப்பாக இடித்த மிளகு ஒரு டீஸ்பூன். மிளகு உங்கள் ஊர் எஸ்டேட் மிளகாகவே இருக்கட்டும். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியிலிருந்து வந்தது பக்கத்திலேயே கிடைக்கும்போது பாக்கெட் தூள் எதற்கு? சிக்கரி கலக்காத காப்பி டிகாக்‌ஷன் இருந்தால் இரண்டு டீஸ்பூன் விடுங்கள். ஆரஞ்சும் வெல்லமும் மட்டும் என்றால் குழந்தை மிட்டாய் வாசனைதான். அந்தத் துளிக் கசப்புதான் காடைக்குப் பொருந்தும். சிக்கரி கலந்த டிகாக்‌ஷன் கூடாது, பாகு கஷாயமாகிவிடும். தூரிகை போடும் முன் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். வேகாத பறவையைத் தொட்ட தூரிகை போன பாகை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது.

மாம்பழக் காலத்தில் சேலம் குண்டு நன்றாக வரும். வடிகட்டிய கூழ் 150 கிராம், புளிக்கரைசல் இரண்டு டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், தண்ணீர் மூன்று டேபிள்ஸ்பூன், ஒரு கொதி. வெல்லம் தேவையில்லை. கூழில் நார் இருப்பதால் திட்டுத்திட்டாகக் கருகும்; கடைசி நாலு நிமிடத்தில் மெல்லிசாக மட்டும் பூசுங்கள்.

இப்போது ஓவன். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய 220-ல் இருபது நிமிடம் காயட்டும். டயலில் எழுதிய சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்று என்று நம்பாதீர்கள். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் பல வருஷத்துக்கு ஆகும். காடையில் ஒரு டேபிள்ஸ்பூன் உருக்கிய நெய் தடவி, தோல் மேலே பார்க்க, ஒன்றையொன்று தொடாமல் கம்பித்தட்டில் அடுக்கி நடுத்தட்டில் வையுங்கள். ஒன்பது நிமிடம் வெறும் நெய்யோடு. பிறகு தட்டை முழுசாக வெளியே எடுத்து, ஓவன் கதவை மூடிவிட்டு, பாகை ஒரு பூச்சு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தடவினால் சின்ன ஓவன் சூடெல்லாம் போய்விடும். இரண்டு நிமிடம் உள்ளே, மறுபூச்சு. இன்னும் இரண்டு நிமிடம், மூன்றாம் பூச்சு. கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பி மட்டும், கண்ணெடுக்காமல். பாகு குமிழி விட்டு, குமிழியின் ஓரம் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறத்துக்குத் திரும்பும்போது எடுங்கள். மொத்தம் பதினைந்து நிமிடம். ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறலாம்.

சின்னக் கோழி பற்றிக் கேட்டீர்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் 'கார்னிஷ் கேம் ஹென்' என்பது பெயருக்குத்தான் வேட்டைப் பறவை. உண்மையில் ஒரு கிலோவுக்குள் எடை நிற்கும் இளம் பிராய்லர். நம் கடையில் தந்தூரி சைஸ் என்று 600 கிராம் அளவில் கேட்டால் அதுதான். ஒன்று இருவருக்கு. விரித்து வைத்தால் 200 டிகிரியில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம், முழுசாக என்றால் நாற்பத்தைந்து வரை. பாகு கடைசிப் பத்து நிமிடத்தில்தான். முற்றின நாட்டுக்கோழியை இதற்கு எடுக்காதீர்கள்; அது குழம்புக்குப் பிறந்தது.

கூட வைப்பவற்றில் ஒன்றை மறக்கக் கூடாது: காடை பதினைந்து நிமிடத்தில் முடியும், காய்கறி முடியாது. ஏற்காட்டு நாட்டுப் பேரிக்காய் கிடைத்தால் தோலோடு நாலாக நறுக்கி, சின்ன வெங்காயம் இருபது, உப்பு, நெய் புரட்டி அடித்தட்டில் பரப்பி, காடைக்குப் பதினைந்து நிமிடம் முன்பே ஓவனில் ஏற்றுங்கள். பிறகு காடைத் தட்டு அதன் மேல். வடியும் கொழுப்பும் பாகும் பேரிக்காயில் இறங்கும், தட்டும் கருகாது. பேரிக்காய் இல்லாத நாளில் அடித்தட்டில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் சொட்டும் பாகு புகைந்து காடை முழுக்கப் புகை நாற்றம். மேரக்காய் (சௌசௌ) வேண்டாம், தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் அவித்துவிடும்.

சோற்றுக்குப் பதில் சாமை. சேர்வராயன் மலையில் விளைகிற தானியம், காடைச் சாற்றை நன்றாக உறிஞ்சும். ஒரு கப் சாமைக்கு இரண்டு கப் தண்ணீர். தண்ணீருக்குப் பதில் முதுகெலும்புகளைக் காய்ச்சி வடித்த சாறு இன்னும் நல்லது. நெய்யில் கறிவேப்பிலை, மிளகு தாளித்து, குக்கரில் இரண்டு விசில். திறந்த பாத்திரத்தில் வைத்தால் 95 டிகிரிக் கொதியில் நேரம் இழுக்கும். காடைத் தட்டில் சேர்ந்த சாற்றைக் கடைசியில் சாமையில் ஊற்றிக் கிளறுங்கள்.

குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) வைக்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்கில் கசப்பு ரகங்கள் உண்டு, அவற்றில் சயனைடு சேர்மம் அதிகம். சாப்பாட்டுக் கிழங்கு என்று கேட்டு வாங்கி, மேல் தோலும் உள்ளிருக்கும் வெள்ளைத் தோலும் உரித்து, துண்டாக்கி, மூடாமல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஒரு விசில். நடு நாரை உருவி, லேசாக நசுக்கி, கடுகு, வரமிளகாய், தேங்காய்த் துருவலோடு பிரட்டினால் போதும். வாயில் வைத்துக் கசந்தால் அந்தத் துண்டை மட்டுமல்ல, மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

ஓவன் காய்ந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டதா? விரித்த காடையை இட்லிச் சட்டியில் பத்து நிமிடம் அவித்து, துடைத்து, கனமான தோசைக்கல்லில் நெய் விட்டுத் தோல் பக்கம் கீழே இருக்க மிதமான தீயில் ஐந்து நிமிடம் சிவக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு பாகை ஊற்றிப் புரட்டுங்கள். கல்லில் இருக்கும் சூடே அதற்குப் போதும்.