முளைகட்டிய பயறு: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: பச்சைப்பயற்றை இரவெல்லாம் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால், மறுநாளே வழவழத்து நாற்றம் வீசுகிறது. எங்கே தவறு?

பதில்: ஊறிய நீரை முழுவதும் வடிக்காமல் கட்டியிருப்பீர்கள். முளைவிடும் பயறு மூச்சு விடுகிறது, சூட்டையும் வெளியிடுகிறது. அடியில் நீர் தேங்கினால் காற்றுப் புகாமல் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். எட்டு மணி நேரம் ஊறினால் போதும். கோடையில் நடுவே ஒருமுறை நீரை மாற்றுங்கள். பிறகு வடிதட்டில் கொட்டி அலசி, சொட்டுவது நின்ற பின்னரே தளர்வாகக் கட்டி, காலையும் மாலையும் அலசி வாருங்கள். துணியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் உலர்த்த வேண்டும். நாறிவிட்ட பயற்றைக் கழுவிச் சமைக்காதீர்கள்.

கேள்வி: துவரம்பருப்பு முளைக்குமா?

பதில்: முளைக்காது. தோல் நீக்கி உடைத்த பருப்பு எதுவும் முளைக்காது.

கேள்வி: மலேசியாவில் விற்கும் தவுகே என்னும் பயற்று முளை போலத் தண்டு பருத்து வளர என்ன செய்வது?

பதில்: அதுவும் பச்சைப்பயறுதான், இருட்டிலும் அழுத்தத்திலும் வளர்வதுதான் வேறுபாடு. அடியில் துளையுள்ள பாத்திரத்தில் பயற்றைப் பரப்பி, ஈரத்துணியால் மூடி, மேலே கனமான தட்டை வையுங்கள். அழுத்தத்தை எதிர்க்கும் முளை எத்திலீன் வாயுவை வெளியிடும்; அதனால் தண்டு நீள்வதைக் குறைத்துப் பருக்கும். நாளுக்கு மூன்று நான்கு முறை நீரூற்றி வடித்தால் நான்கைந்து நாளில் அறுவடை செய்யலாம். வெளிச்சம் பட்டால் பச்சை நிறமேறிக் கசக்கும்.

கேள்வி: வேகவைத்தால் சத்துப் போய்விடும், பச்சையாகவே உண்ண வேண்டும் என்கிறார்களே?

பதில்: நான் உறுதியாக மறுக்கும் கருத்து இது. முளைக்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்புமே கிருமிக்கும் வேண்டியவை. விதைத்தோலின் நுண்ணிய பிளவுகளில் ஒளிந்திருக்கும் கிருமியை எத்தனை முறை அலசினாலும் நீக்க முடியாது. 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாக ஈ.கோலை என்னும் குடல் கிருமி பரவி, ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள். 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேகவைத்தால் வைட்டமின் சி ஓரளவு குறையும் என்பது உண்மைதான். ஆறிய பிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பயறு சொந்த நிலத்தில் ரசாயனமின்றி விளைந்தது. நாற்பது ஆண்டுகளாகப் பச்சையாகவே உண்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. வீணாக அச்சுறுத்துகிறீர்கள்.

பதில்: ரசாயனம் வேறு, கிருமி வேறு, ஐயா. களத்தில் காயும்போது ஆட்டுப் புழுக்கையும் எலி எச்சமும் படக்கூடும். தொழுவுரமிட்ட நிலத்துக்கு அது கூடுதலாகவே பொருந்தும். நான் சொன்ன ஜெர்மானிய முளைகளை வளர்த்ததும் இயற்கை வேளாண் பண்ணையே. இதுவரை நோய் வராதது உங்கள் நற்பேறு. கருவுற்ற பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் அந்த நம்பிக்கையில் பச்சை முளையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சாலட்டில் மட்டும் பச்சையாகச் சேர்க்கலாமா?

பதில்: மேலே சொன்னதே இதற்கும் பதில். ஆவி பறக்கச் சூடாகும் வரை வேகவைத்த பின் சேருங்கள்.

கேள்வி: ராஜ்மாவை முளைகட்டலாமா?

பதில்: கட்டலாம், ஆனால் பச்சையாக ஒரு வாய்கூட உண்ணக் கூடாது. அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப்புரதம் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். முளைகட்டியதையும் புது நீரில் அரைமணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும்.

கேள்வி: நீரிழிவுக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம்?

பதில்: உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: விதைக்கடைப் பயறு நன்றாக முளைக்குமாமே?

பதில்: விதைப்புக்கென விற்பதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம். உண்பதற்கு மளிகைக்கடைப் பயறையே வாங்குங்கள்.

கேள்வி: என் முளையும் நாறுகிறது, என்ன செய்ய?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். நீரை வடியுங்கள்.