பயிற்றுநரின் கூலி – ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

வணக்கம். நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் மூன்றாண்டுகளும் கூடைப்பந்து அணியில் ஆடினேன். மாநில அணி வரை போகவில்லை. பல்கலைக்கழக அணித் தேர்விலேயே நின்றுவிட்டேன். சென்ற மாதம் நான் படித்த கல்லூரியிலிருந்து அழைத்து, பெண்கள் அணிக்குப் பகுதிநேரப் பயிற்றுநராக வரமுடியுமா என்று கேட்டார்கள். ஒரு மாலை போய்ப் பார்த்தேன். யாராவது பந்தைக் கூடைக்கு எறிந்ததும் ஐந்து பேரும் தலையைத் தூக்கிப் பந்தையே பார்க்கிறார்கள். எதிராளி எங்கே நிற்கிறாள் என்று ஒருத்திகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் சம்மதமில்லை. "நீயே பெரிய ஆட்டக்காரி இல்லை, நீ யாருக்குச் சொல்லிக்கொடுப்பாய்" என்கிறார் அண்ணன். முதலில் பாட்டியாலாவுக்குப் போய் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் வாங்கிவிட்டு வருவதா, அல்லது இப்போதே சேர்ந்துவிடுவதா என்று தெரியவில்லை. ஓர் உரையில் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்றுநர் பேட் சம்மிட்டைப் பற்றிச் சொன்னீர்கள். அவருடைய கண்டிப்பு இன்றைய பிள்ளைகளிடம் எடுபடுமா? கல்லூரியில் சம்பளம் பற்றி எதுவும் பேசவில்லை. சம்பளம் எனக்கு முக்கியமில்லை. இதை ஒரு சேவையாகத்தான் செய்ய நினைக்கிறேன். இலக்கியத்துக்குத் தொடர்பில்லாத கேள்விக்கு மன்னிக்கவும்.

ம., கோவை

அன்புள்ள ம.,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். சில வாரங்களாகவே நான் பேட் சம்மிட்டைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய 1,098 வெற்றிகளைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அவர் முதல் வருடம் வாங்கிய சம்பளம்தான் என் மனதைவிட்டு அகலாமல் இருந்தது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதன் கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வாக்கியத்தைப் படித்ததும் மற்றக் கேள்விகளெல்லாம் எனக்குப் பின்னுக்குப் போய்விட்டன. அதற்கு வருவதற்குள் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் சொன்னதை விட்டுத்தள்ளுங்கள். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது அது பெரும்பாலும் கிடைப்பது, பந்து காற்றில் இருக்கும்போதே தன் எதிராளியைத் தேடிக் கண்டுபிடித்து, அவளுக்கு முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்தி, அவள் கூடைக்கருகே வரமுடியாதபடி அடைத்து நிற்பவளுக்குத்தான். பாக்ஸ் அவுட் என்று நீங்கள் கல்லூரியில் பழகிய அந்தச் சின்ன வேலைக்கு, கண் அரை நொடி பந்தைவிட்டு விலகவேண்டும். உலகத்தில் யாருடைய கண்ணும் தானாக அப்படி விலகாது. சொல்லிச் சொல்லிப் பழக்கவேண்டும். ஒரு மாலை ஓரமாக நின்று பார்த்ததிலேயே அந்தக் குறையைக் கண்டு, அதனால் தூக்கமும் கெட்ட ஒருத்தியிடம் அவள் எந்த அணி வரை ஆடினாள் என்று கேட்பது வீண்.

கண்டிப்பு எடுபடுமா என்பதிலும் நான் நேரம் செலவிடப்போவதில்லை. சம்மிட்டின் முறைப்பு அமெரிக்கா முழுவதும் பெயர்பெற்றது என்பது உண்மை. ஆனால் அதே அம்மையார்தான் தன் ஆட்டக்காரிகள் வகுப்பில் முதல் மூன்று வரிசைகளுக்குள் உட்காரவேண்டும், எந்த வகுப்பையும் தவறவிடக் கூடாது என்று விதித்தவர். அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். அந்த அக்கறையைக் கற்றுக்கொள்ளுங்கள், முறைப்பு வேண்டியபோது தானாக வரும்.

"சம்பளம் எனக்கு முக்கியமில்லை, இதை ஒரு சேவையாகத்தான் செய்ய நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிந்தும் கோபம் தணியவில்லை. இந்த வாக்கியத்தை இனி யாரிடமும், முக்கியமாக அந்தக் கல்லூரியின் முதல்வரிடம், சொல்லாதீர்கள்.

சம்மிட் டென்னசி மாநிலத்தின் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, புகையிலை வயலிலும் வைக்கோல் கட்டுவதிலும் அண்ணன்களுக்குச் சமமாக உழைத்து வளர்ந்தவர். இருந்த ஊரில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணி இல்லை என்பதற்காக, அணி உள்ள பள்ளி இருந்த பக்கத்து ஊருக்கே குடும்பத்தோடு மாறினார் அவருடைய தந்தை. அண்ணன்கள் விளையாட்டு உதவித்தொகையில் கல்லூரிக்குப் போனார்கள். அவர் மார்ட்டின் நகரிலுள்ள டென்னசிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது பெண்களுக்கு அப்படி ஓர் உதவித்தொகையே கிடையாது. பெற்றோர் கட்டணம் கட்டிப் படிக்கவைத்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே ஆட்டம், ஆனால் பையன்களுக்குக் கல்லூரி பணம் கொடுத்தது, பெண்ணுக்காகப் பெற்றோர் கல்லூரிக்குப் பணம் கொடுத்தார்கள். கடைசி ஆண்டில், 1974 ஜனவரியில், அவருடைய முழங்கால் நார் அறுந்தது. அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் ஆட்டத்தின் முடிவு.

அதே ஆண்டில் நாக்ஸ்வில்லில் உள்ள டென்னசிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டே துணைப் பயிற்றுநராக இருக்கும்படி அழைப்பு வந்தது. அங்கே தலைமைப் பயிற்றுநர் படிப்பு விடுப்பில் போய்விடவே, ஒரு போட்டியில்கூடப் பயிற்றுநராக நின்றறியாத 22 வயதுப் பெண்ணிடம் அணியை ஒப்படைத்தார்கள். அணியில் சிலர் அவரைவிட ஒரே வயதுதான் இளையவர்கள். சம்பளம் மாதம் 250 டாலர். வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார், வெளியூர்ப் போட்டிக்குப் போன இடத்தில் எதிரணியின் உள்ளரங்கிலேயே பாய் விரித்துப் பிள்ளைகளோடு படுத்தார். இத்தனைக்கும் நடுவே முதுகலைப் பாடங்களைப் படித்து, வகுப்பும் எடுத்து, அறுந்த முழங்காலைத் தேற்றி, 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் இணைத்தலைவராக ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து நுழைந்த முதல் ஆண்டு அது.

பின்னாளில் அந்த வேன் நாட்களைப் பற்றிக் கேட்டபோது, ஆட்டத்தின் மீதிருந்த ஆசையால் ஆடினோம், வேறெதையும் நாங்கள் நினைத்துப் பார்த்ததேயில்லை என்ற பொருளில்தான் சொன்னார். அதை நான் நம்புகிறேன். ஆனால் அவர் நினைத்துப் பார்க்காததை அந்தப் பல்கலைக்கழகம் நன்றாகவே நினைத்துப் பார்த்திருக்கும். பெண்களுடைய ஆசை இருக்கும்வரை பெண்கள் அணிக்குச் செலவில்லை என்பது எல்லா நிர்வாகத்துக்கும் தெரிந்த கணக்கு.

இதன் அடுத்த பகுதியை நீங்கள் நிதானமாகப் படிக்கவேண்டும். 1972இல் அமெரிக்காவில், அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனம் எதுவும் பால் அடிப்படையில் யாரையும் ஒதுக்கிவைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. ஒன்பதாம் தலைப்பு என்று அதைச் சொல்வார்கள். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பெண்களுக்கு உதவித்தொகையும் இல்லை, உள்ளரங்கமும் இல்லை, இன்றைய பெண்கள் கூடைப்பந்தே இல்லை. அந்த ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்றுநர்கள். பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியைகள், அந்த வேலைக்கென்று தனியாக ஒன்றும் வாங்காதவர்கள் அல்லது மிகக் குறைவாக வாங்கியவர்கள். சட்டத்தின் பின்னால் பணம் வந்தது. 2014இல் எடுத்த கணக்கில் அந்த 90 சதவீதம் 43 சதவீதமாக இருந்தது. பெண்கள் ஆட்டத்தை மறந்துவிட்டார்களா? கற்றுக்கொடுக்கும் திறமை அவர்களைவிட்டுப் போய்விட்டதா? வீட்டு அடுப்படி பெண்ணுடையது என்றும், கூலி கொடுத்துக் கூப்பிடும் கல்யாணப் பந்தியின் அடுப்படி ஆணுடையது என்றும் நம் ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஏற்பாடாகியிருக்கிறதே, அதுதான் அங்கேயும் நடந்தது.

நான் இதை அமெரிக்கப் புள்ளிவிவரத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. நான் படித்த பள்ளியில் ஒரு பி.டி. டீச்சர் இருந்தார். மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஆடுகளம் எங்களுடையது. நான்கரை மணி அடித்ததும் வீட்டுக்குப் போயிருக்கவேண்டியவர், தெருவிளக்கு எரியும்வரை எங்களோடு நிற்பார். காற்றிறங்கிய பந்துக்கு சைக்கிள் கடையில் ஊசி வாங்கிவந்து காற்றடிப்பார். அவருடைய கைப்பையில் டிங்சர் பாட்டிலும் பஞ்சும் எப்போதும் இருக்கும். டிங்சர் கசிந்து பையின் ஒரு மூலை நிரந்தரமாகப் பழுப்பாகியிருந்தது. வெளியூர்ப் போட்டி என்றால் காசில்லாத பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணமும் அந்தப் பையிலிருந்துதான் வரும். கூடைக்கருகே ஓடித் துள்ளிப் பந்தைப் போடும் லே-அப் போகும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்பதை அவர் எங்களுக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செய்துகாட்டுவார். ஆண்டுகள் பல ஆகியும் என் கால் அதை மறக்கவில்லை.

எங்கள் அணி மாவட்டத்தில் முதலிடம் வந்த மறு ஆண்டு, நிர்வாகம் மகிழ்ந்து, கூடைப்பந்துப் பயிற்றுநர் என்று தொகுப்பூதியத்தில் ஒரு பதவியை உண்டாக்கியது. வெளியிலிருந்து ஓர் ஆணைக் கொண்டுவந்து அதில் அமர்த்தினார்கள். டீச்சர் போய்க் கேட்டபோது, "நீங்கள் இதைச் சேவையாக அல்லவா செய்தீர்கள், உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது, இனி எதற்குச் சிரமம்" என்று நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் வருடக்கணக்கில் பெருமையோடு சொல்லிவந்த வார்த்தையையே எடுத்து அவரை வெளியே அனுப்பினார்கள். மாலையில் ஆண் பயிற்றுநரிடம் நிற்க வீட்டில் விடமாட்டார்கள் என்று எங்களில் சிலர் ஆட்டத்தை நிறுத்தினோம். வந்தவர் கெட்டவர் இல்லை, ஆட்டம் தெரிந்தவர்தான். நான் அவரைக் குறைசொல்லவில்லை. டீச்சர் செய்த வேலைக்கு ஒரு விலை எழுதப்பட்டிருந்தால், பணம் வந்த அன்று அது அவருடைய பணமாக இருந்திருக்கும்.

அதனால்தான் சம்மிட்டின் பிற்கால வாழ்க்கையில் என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம் அவர் வென்ற எட்டு தேசியப் பட்டங்கள் அல்ல. 250 டாலரில் தொடங்கியவர், 2005இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல்நிலைப் பிரிவில் ஆண் பயிற்றுநர்கள் உட்பட எவரும் அதுவரை எட்டாத வெற்றி எண்ணிக்கையைத் தாண்டினார். 2006இல், பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண்டுக்கு பத்து லட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பெற்ற முதல் பயிற்றுநரானார். ஆண்கள் அணிக்கு வரும்படி கேட்டபோது மறுத்தார். அது எந்த வகையில் பதவி உயர்வு என்று அவர் திருப்பிக் கேட்டது புகழ்பெற்ற கேள்வி. 2011இல், 59 வயதில், நினைவழிக்கும் அல்சைமர் நோய் தனக்கு வந்திருப்பதை வெளிப்படையாக அறிவித்து, அதோடு இன்னும் ஒரு பருவம் அணியை நடத்திவிட்டு, தன்னிடம் ஆடி, பிறகு 27 ஆண்டுகள் தனக்குத் துணைப் பயிற்றுநராக இருந்த ஹாலி வார்லிக்கிடம் அந்த இடத்தைக் கொடுத்தார். 2016இல் இறந்தார். அவர் ஒப்படைத்தது நல்ல ஊதியமுள்ள, எவரும் ஆசைப்படக்கூடிய ஒரு பதவி என்பதையும், அது ஒரு பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தத் தலைமுறைக்குப் பிறகு வந்தவர்கள் இதை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஆடிய டான் ஸ்டேலி, தொழில்முறையாக ஆடிக்கொண்டிருந்தபோதே 2000இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநரானார். பிறகு தென் கரோலினாவுக்குப் போய் 2017, 2022, 2024 ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றார். 2021இல் ஏழாண்டுகளுக்கு 2 கோடியே 24 லட்சம் டாலருக்கு அவர் கையெழுத்திட்டார். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அன்றைய பயிற்றுநர் மஃபெட் மெக்ரா, இனித் தன் பயிற்றுநர் குழுவில் ஆண்களைச் சேர்க்கப்போவதில்லை என்று 2019இல் சொல்லிவிட்டு, ஊரெல்லாம் திட்டியும் பின்வாங்கவில்லை. இவர்களில் யாருடைய ஆட்டப்பற்றும் சம்பளத்தால் குறைந்துவிடவில்லை.

உங்களுக்கு மென்பொருள் வேலையில் சம்பளம் வருகிறது. அதனால் இதை இலவசமாகச் செய்யமுடிகிறது. உங்களுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வரப்போகிறவளுக்கு அந்த வசதி இருக்காது. கூலி வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து வந்து, உங்கள் அணியில் ஆடி, உங்களைப் போலவே பயிற்றுநராக ஆசைப்படும் ஒரு பெண்ணிடம், "முன்னால் இருந்த மேடம் ஒன்றும் வாங்கவில்லையே" என்று கல்லூரி சொல்லும். உங்கள் தாராள மனதுக்கு விலை கொடுக்கப்போகிறவள் அவள். இதை நீங்கள் யோசிக்கவேயில்லை என்பதுதான் என் கோபம்.

பாட்டியாலாவைப் பற்றிக் கேட்டீர்கள். போகலாம், நல்ல இடம்தான். ஆனால் பட்டயத்துக்காகக் காத்திருந்து இந்த வாய்ப்பை விடாதீர்கள். சம்மிட் அணியை நடத்திக்கொண்டேதான் படித்தார். அங்கே ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் நடக்கிறது. அணியோடு ஒரு பருவம் இருந்துவிட்டுப் போனால், என்ன கேள்வி கேட்பது என்று தெரிந்துகொண்டு போவீர்கள். வீட்டாரைச் சமாதானப்படுத்துவதற்கும் ஒரு நியமனக் கடிதம் உதவுகிற அளவுக்கு எந்தப் பட்டயமும் உதவாது.

ஆகவே, சேருவதற்கு முன் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆண்கள் அணியின் பயிற்றுநருக்கு மாதம் என்ன கொடுக்கிறார்கள் என்று அலுவலகத்தில் விசாரித்து, அதே மணிக்கணக்குக்கு அதே தொகையைக் கேளுங்கள். ஆடுகளம் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை வாரத்தில் மூன்று நாளாவது பெண்கள் அணிக்கு மட்டும் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். ஆண்கள் ஆடி முடித்த மிச்ச நேரம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியூர்ப் போட்டிகளின் பயணச் செலவு, முதலுதவிப் பெட்டி, பாட்டியாலாவின் ஆறு வாரக் கட்டணம் எல்லாவற்றையும் அதிலேயே சேருங்கள். தொகை குறைவாகக் கிடைத்தாலும் சேர்ந்துவிடுங்கள், ஆனால் ஒரு தொகை இருக்கவேண்டும், அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். பிள்ளைகளுக்குக் காலணி வாங்கிக்கொடுக்க ஆசையிருந்தால் அதன்பிறகு அந்தப் பணத்திலிருந்து வாங்கிக்கொடுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. கடிதத்தின் வரைவை எனக்கு அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன். ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்குள் அது முதல்வரின் மேசையில் இருக்கட்டும்.

அன்புடன்