வாசகர் கேள்வி-பதில்: என்ஜின் இரைச்சலும் நீல வரைபடங்களும்

கேள்வி: என் மாமனார் ராக்கெட் என்ஜின் சோதனைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆண்கள் பேசினால் புரிந்துகொள்கிறார், பேத்தி பேசினால் மட்டும் "என்னம்மா?" என்கிறார். உரக்கச் சொன்னால் "ஏன் கத்துறே?" என்று கோபம் வருகிறது. வேண்டுமென்றே செய்கிறாரா?

பதில்: நிச்சயமாக இல்லை. இரைச்சலில் முதலில் அடிபடுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான கேட்கும் திறன்தான். கேட்கும் திறனைக் கோடாகக் காட்டும் ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்திருக்கும். ச, த, ஸ போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டுவது இந்த மேல் அலைவரிசை. அது போனால் 'சட்டம்', 'பட்டம்', 'கட்டம்' மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். பேத்தியின் குரல் ஆண் குரலைவிட உயர்ந்தது என்பதால், அவள் பேசும்போது சிரமம் கூடும். கத்தும்போது உயிரொலிதான் பெரிதாகிறது, மெய் தெளிவதில்லை, காதும் கூசும். டிவியை அணைத்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி ஒரு மீட்டர் தொலைவில் நின்று, முதலில் அவரைக் கூப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். கேட்புப் பரிசோதனையோடு பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். திடீரென ஒரு காது மட்டும் அடைத்துப்போனால் அன்றைக்கே காது மருத்துவரிடம் போக வேண்டும். தாமதித்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும்.

கேள்வி: அப்பா வேலைக்காக வரைந்து வைத்திருந்த பழைய பொறியியல் வரைபடங்கள் சுருள் சுருளாகப் பரணில் கிடக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?

பதில்: முதலில் பரணிலிருந்து இறக்குங்கள், வெப்பமும் ஈரமும் மாறி மாறி வந்தால் காகிதம் நொறுங்கும். ரப்பர் பேண்டு, கிளிப், செல்லோ டேப் மூன்றும் எதிரிகள். ஒட்டியிருக்கும் டேப்பை மட்டும் நீங்களே பிய்க்காதீர்கள், காகிதமும் சேர்ந்து வந்துவிடும்.

அடுத்து, இரண்டாகப் பிரியுங்கள். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு இருந்தால் உண்மையான புளூபிரிண்ட். வெளிர் பின்னணியில் நீலமோ ஊதாவோ கோடு இருந்தால் பெரும்பாலும் டயஸோ என்ற வேறொரு முறையில் எடுத்த நகல். டயஸோவிலிருந்து கசியும் வேதிப்பொருள் பக்கத்துக் காகிதத்தைக் கறைப்படுத்தும், அதனால் இரண்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது. புளூபிரிண்டுக்கு வேறு ஒரு சிக்கல். காரம் பட்டால் நீலம் வெளிறும். 'அமிலமற்றது' என்று விற்கும் உறைகள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் என்ற காரப்பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள். சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் நகலை மாட்டுங்கள், அசல் இருட்டில் இருக்கட்டும். சுருளாகத்தான் வைக்க வேண்டுமென்றால், 10 செ.மீ. விட்டமுள்ள குழாயின் மேல் நல்ல காகிதம் சுற்றி, அதன் வெளிப்புறத்தில் சுருட்டுங்கள். குழாய்க்குள் திணித்தால் எடுக்கும்போது ஓரம் கிழியும்.

பிரதி எடுக்கும்போது தலைப்புக் கட்டத்தையும் (வரைபடத்தின் பெயரும் எண்ணும் உள்ள கட்டம்) திருத்தப் பட்டியலையும் தனியாக நெருக்கத்தில் படமெடுங்கள். வழக்கமாக வலது ஓரத்தில் இருக்கும் அந்தப் பட்டியலில் ஏ, பி, சி என எழுத்தும் தேதியும் மாற்றமும் வரிசையாக இருக்கும். அப்பாவிடம் "உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். "இந்த 'சி' திருத்தத்தில் துளையை ஏன் பெரிதாக்கினீர்கள்?" என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். பதிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று முக்கியம்: வேலைக்காக வரைந்தவை பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து, ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஓய்வோடு முடிந்துவிடாது. நிறுவனத்திடம் கேட்காமல் பிரதி எடுக்கவோ இணையத்தில் போடவோ வேண்டாம்.

கேள்வி: தாத்தாவும் பேரனும் பால்சா என்ற லேசான மரத்தில் செய்த கிளைடர் (என்ஜின் இல்லாத பொம்மை விமானம்) மூக்கைத் தூக்கி, நின்று, தொப்பென்று விழுகிறது. ஏன்?

பதில்: வால் கனம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்தில் இருபுறமும் விரல்நுனியால் தாங்கிப் பாருங்கள். சமமாக நிற்க வேண்டும். நிற்கும்வரை மூக்கில் அரை கிராம் அரை கிராமாகக் களிமண் ஒட்டுங்கள். பிறகு காற்றில்லாத நேரத்தில், மூக்கு லேசாகக் கீழ்நோக்கியிருக்க மெதுவாக விடுங்கள். மூக்கு நேராகத் தரையில் குத்தினால், வால் இறக்கையின் பின்விளிம்பை 1 மி.மீ. மேலே வளையுங்கள். ஒரு வீச்சுக்கு ஒரே மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.