வெண்புள்ளி சிகிச்சை ஆய்வுகள்: பலனை எதை வைத்து அளக்கிறார்கள்? கேள்வி பதில்

நான் தோல் மருத்துவர். வெண்புள்ளி, அதாவது விட்டிலிகோ, சிகிச்சை ஆய்வுகளைப் படித்து எடை போடுவது பல வருடமாக என் வேலை. அந்த ஆய்வுகளில் பலனை எப்படி அளக்கிறார்கள் என்பது பற்றிக் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: "வெண்குஷ்டம்" என்று எழுதாதீர்கள். தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொட்டால் ஒட்டாது.

டாக்டர், ஒரு சிகிச்சைக்கு ஓர் ஆய்வில் 70 சதவீதம் பலன் என்கிறார்கள், இன்னொன்றில் 20 தான். யார் சொல்வது பொய்?

இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். கொஞ்சம் நிறம் வந்தாலே வெற்றி என்று ஒருவர் கணக்கு வைப்பார். முக்கால்வாசி வந்தால்தான் வெற்றி என்பார் இன்னொருவர். ஊருக்கொரு மரக்கால் வைத்து நெல் அளந்தால் யார் வயலில் விளைச்சல் அதிகம் என்று எப்படித் தெரியும்?

2012ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 25 விதமான பலன்களை அளந்திருந்தார்கள். நிறம் திரும்புவதைக் கிட்டத்தட்ட எல்லோரும் அளந்திருந்தார்கள், ஆனால் 48 வேறு வேறு அளவுகோல்களில்! வாழ்க்கைத் தரத்தைக் கேட்டவை வெறும் 9 சதவீதம். இத்தனை நோயாளிகள் நேரம் கொடுத்து, ஊசியும் புற ஊதாக் கதிர் வெளிச்ச சிகிச்சையும் தாங்கி, கடைசியில் ஒரு ஆய்வின் முடிவை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்க வழியில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

அதனால்தான் நோயாளிகள், மருத்துவர்கள், ஆய்வாளர்கள் என்று பல நாட்டவரிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு, 2015ல் ஒரு பட்டியலை முடிவு செய்தார்கள். நிறம் திரும்புதல், பக்கவிளைவு, திரும்பிய நிறம் நிலைத்தல் ஆகிய மூன்றையும் எந்த ஆய்வும் கட்டாயம் அளக்கவேண்டும். தோற்றம் மனதுக்கு ஒப்புகிறதா, வாழ்க்கைத் தரம், பரவல் நின்றதா, சிகிச்சையின் சுமை எவ்வளவு என்பவை பரிந்துரை.

சதவீதம் எதைப் பார்த்தாலும் முதலில் "எதில் இத்தனை சதவீதம்?" என்று கேளுங்கள்.

என் பையனுக்கு 9 வயது. எந்த கிரீம் போடலாம்?

அவனை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது அம்மா. தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

"வாசி" மதிப்பெண் என்றால் என்ன சார்?

வெண்புள்ளி எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட 2004ல் கனடாவில் உருவான அளவுகோல் (VASI). நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு ஒரு கை அலகு. அது உடல் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். புள்ளிகள் எத்தனை கை அலகு என்று பார்த்து, அங்கே எவ்வளவு நிறம் போயிருக்கிறது என்பதால் பெருக்கவேண்டும். இரண்டு கை அலகு முழுக்க வெள்ளை என்றால் மதிப்பெண் 2. முகத்துக்கு மட்டும் தனியாகவும் கணக்கிடுவார்கள்.

நான் முதுகலை மாணவன் சார். மேலே சொன்ன பட்டியலில் "மனதுக்கு ஒப்புகிறதா" என்பது எப்படி அளவாகும்? ஆளுக்கு ஆள் மாறுமே. புகைப்படம், கணினி என்று வைத்துக்கொண்டால் போதாதா?

தம்பி, வாசியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கை அலகு வெள்ளை, மதிப்பெண் 2. மயிர்க்கால்களைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக நிறம் வந்து பாதி மூடினால் 1. ஓரத்திலிருந்து சுருங்கி ஒரு கை அலகு மட்டும் முழு வெள்ளையாக மிஞ்சினாலும் 1. எண் ஒன்றுதான். கண்ணாடி முன்னால் நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றா?

எந்த கிரீம் நல்லது? (மூன்று பேர்)

மேலே சொல்லிவிட்டேன். இங்கே மருந்துச் சீட்டு எழுத மாட்டேன்.

மாணவன்தான் சார், மறுபடியும். நோயாளிக்கு ஆசை இருக்கும், நம்பிக்கை இருக்கும். அது பதிலை வளைக்காதா?

வளைக்கும். அதற்கு மருந்து, யாருக்கு எது கிடைத்தது என்பதை மறைப்பது; கேட்காமல் விடுவது அல்ல. பிரிட்டனில் 517 பேரை வைத்து நடந்த ஹை-லைட் ஆய்வில் களிம்பு மட்டும் பெற்றவர்களுக்குப் போலி விளக்கும், வெளிச்சம் மட்டும் பெற்றவர்களுக்குப் போலிக் களிம்பும் கொடுத்தார்கள். முதன்மைக் கேள்வியே நோயாளியிடம்தான்: "இப்போது உங்கள் புள்ளி கண்ணில் படுவது எப்படி?" ஐந்து படி. "வெகுவாகக் குறைந்தது", "தெரியவே இல்லை" என்ற மேல் இரண்டு படி மட்டும் வெற்றி. ஒன்பது மாதத்தில் ஸ்டீராய்டு களிம்பில் 17, வெளிச்சத்தில் 22, இரண்டும் சேர்ந்தால் 27 சதவீதம். வெறும் நம்பிக்கை பதிலை எழுதியிருந்தால் எண்கள் இவ்வளவு சிறிதாக இருக்குமா?

ரக்ஸோலிடினிப் என்ற வெண்புள்ளி கிரீமையும் பார். 2022ல் அமெரிக்காவில் 12 வயது நிரம்பியவர்களுக்கு அனுமதி கிடைக்கக் காரணமான இரண்டு ஆய்வுகளில், 24 வாரத்தில் முக வாசி 75 சதவீதமாவது குறைந்தவர்கள் சுமார் 30 சதவீதம். மருந்தில்லாத கிரீம் போட்டவர்களில் ஓர் ஆய்வில் 7, இன்னொன்றில் 11 சதவீதம். ஆனால் அதே ஐந்து படிக் கேள்வியில் மேல் இரண்டு படியைச் சொன்னவர்கள் 20 முதல் 25 சதவீதம். எண் திருப்தியானாலும் எல்லோரும் திருப்தியாகவில்லை. நோயாளிகளை உட்காரவைத்துக் கேட்டபோது, 80 சதவீதமாவது நிறம் வந்தால்தான் வெற்றி என்றார்கள். நாம் 50 சதவீதத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

புகைப்படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும். கறுப்புத் தோலில் சுண்டைக்காய் அளவு வெள்ளையும் தூரத்திலிருந்தே தெரியும். வெளுத்த தோலில் உள்ளங்கை அளவுகூடத் தெரியாமல் போகலாம். இதைக் கணினி சொல்லாது.

விரல் நுனிக்கு ஏன் எந்த ஆய்விலும் நல்ல முடிவு இல்லை?

நிறம் பெரும்பாலும் மயிர்க்காலிலிருந்துதான் திரும்புகிறது. விரல் நுனியில் மயிர்க்கால் இல்லை. முகமும் கையும் சேர்த்த சராசரியை நம்பாதீர்கள். எதில் இத்தனை சதவீதம்?

மருந்தை நிறுத்தினால்?

பலருக்கு நிறம் மறுபடி போகும். ஹை-லைட் ஆய்விலும் அப்படித்தான் நடந்தது. அதனால்தான் நிலைத்தல் கட்டாயப் பட்டியலில் இருக்கிறது.

மகளுக்கு வெளிச்ச சிகிச்சை ஆரம்பிக்கப்போகிறோம். வீட்டில் நாங்கள் எதையாவது குறித்து வைக்கலாமா?

அவசியம் வையுங்கள். முதல் நாளே படம் எடுங்கள், இதைத் தவறவிட்டால் பிறகு ஈடு செய்ய முடியாது. அப்புறம் மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் பக்கம், அதே நேரம், அதே தூரம், ஃப்ளாஷ் இல்லாமல், பவுடர் பூசாமல். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், அளவு தெரியும். படத்தோடு மகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்: முன்னைவிடத் தெரிகிறதா, குறைவாகத் தெரிகிறதா? அவள் சொன்னபடியே எழுதுங்கள்.